நின்று நின்று போன கார்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் திருநெல்வேலிக்குப் போகிற வழியில் ஒரு மேம்பாலம் ஏறும்போது, காரின் ஏசியை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தேன். வண்டிக்கு நம்மால் ஆன உதவியாக இருக்கட்டும் என்றுதான். உச்சிக்கு வந்ததும் நிமிர்ந்து பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குக் காட்டியிருக்கிற மரியாதைகளில் அது பெரியது. இத்தனைக்கும் புது வண்டி. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் அதுவே கூப்பிட்டுச் சொல்லும். அதற்கு என் முதுகின் ஒத்தாசை தேவையில்லை என்று எனக்குத் தெரியும். முதுகுக்குத்தான் தெரியவில்லை.

என் வயதுக்காரர்களான நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். நாமெல்லாம் வீட்டின் முதல் காரில் ஏறினோமே, அது நம்மை ஏற்றிக்கொண்டு போனதா, நாம் அதை ஏற்றிக்கொண்டு போனோமா என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. எங்கள் வீட்டில் மேடு வந்தால் எல்லோரும் முன்னால் குனிய வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. இறக்கத்தில் அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார், நாங்கள் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். சத்தம் போட்டால் பெட்ரோல் எப்படிச் செலவாகும் என்று நான் கேட்டதில்லை. அப்பா அறிவியல் வாத்தியார். அவரிடம் கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

கார் வந்த கதை அம்மாவின் வேலையில் தொடங்குகிறது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, என்னைப் பெற்று வளர்த்து, பதிந்ததையே மறந்துபோன பிறகு அம்மாவுக்கு வேலை வந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் போட்டிருந்தால்கூட ஓடி ஓடிப் பஸ் பிடித்திருக்கலாம். போட்டது குருவிகுளத்தையும் தாண்டி, பெரிய ரோட்டைவிட்டு உள்ளே ஒடிந்துபோகிற ஒரு கரிசல் ஊரில். எங்கள் ஊரான சங்கரன்கோவிலிலிருந்து அந்த ஊருக்குக் காலையில் ஒரே பஸ். அது போய்ச் சேரும்போது பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்து வருகைப்பதிவும் முடிந்திருக்கும். தலைமையாசிரியர் திட்டமாட்டார். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டே, வாங்க டீச்சர் என்பார். திட்டியிருந்தால் அம்மா அன்றைக்கே அழுது முடித்திருப்பாள். அந்த வாங்க டீச்சரை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வருவாள்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். குடும்பத்தில் எந்த விஷயமும் அவர் கல்லாவைத் தாண்டித்தான் முடிவாகும். தம்பி மனைவியிடம் நேராகப் பேசுவது அவருக்கு வழக்கமில்லை. அம்மா எதிரிலேயே காபி டம்ளரோடு நின்றாலும் அப்பாவைப் பார்த்துத்தான் பேசுவார்.

“ஏலே, அவகிட்ட சொல்லு. வீட்டுல ஒருத்தன் வாத்தியார் வேலை பாக்கது போதும். ஊரு சிரிக்கதுக்கு முந்தி ராஜினாமா எழுதிக் குடுத்திரச் சொல்லு.”

அம்மா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.  அந்தக் கோடை விடுமுறையில் அப்பா, ராஜபாளையத்தில் யாரோ விற்கிறார்கள் என்று போய், ஒரு பழைய சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா தன் அண்ணனை எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அந்தக் கார்தான். அதுவும் ஹார்ன் வேலை செய்யாத பேச்சு.

வெண்ணெய் நிறம். நாலு பேர் உட்காரலாம், நாலு பேரும் ஒருவருக்கொருவர் பிரியமாக இருந்தால். ரெக்ஸின் இருக்கை வெயிலில் வெந்து, அரைக்கால் சட்டை போட்ட என்னைத் தோசைக்கல்லில் வைத்ததுபோல வைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ், சோக் என்று பெயர். குளிர்ந்த காலைகளில் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு கெஞ்சினால் எஞ்சின் எழுந்திருக்கும். சங்கரன்கோவிலில் குளிர்ந்த காலை எது என்பதில் எங்களுக்கும் காருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி இரண்டு முன்கதவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. வேண்டிய பக்கம் செருகிக்கொள்ள வேண்டும். பாட்டுப் பெட்டி இருக்க வேண்டிய ஓட்டையில் அப்பா கைக்குட்டையைச் சொருகி வைத்திருந்தார். அந்தச் சோக் குமிழை இப்போது எந்தக் காரிலும் காணோம். என் மகனிடம் அதைப் பற்றிச் சொன்னபோது, அவன் என் உடல்நிலையைப் பற்றித் தன் அம்மாவிடம் தனியாக விசாரித்திருக்கிறான்.

வண்டி வந்த அன்று சாயங்காலம் பெரியப்பா எலுமிச்சம்பழமும் கோயில் புற்றுமண்ணும் கொண்டுவந்தார். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு வந்தவர்கள் புற்றுமண் வாங்காமல் திரும்பமாட்டார்கள். நெற்றியில் இடுவார்கள், சிரங்குக்குப் பூசுவார்கள், வயிறு சரியில்லை என்றால் துளி எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். எங்கள் ஊரில் மருந்துக்கடை வருவதற்கு முன்பே வந்துவிட்ட மருந்து அது. பெரியப்பா அதைக் குழைத்து பானட்டில் பூசப் போனார். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

“இது மெஷின்ணே. இதுக்கு பெட்ரோலும் காத்தும் போதும்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசுகிறவர் அப்பா. பேயும் முனியும் வராது என்று அவர் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, பேச்சு முடிந்ததும் இருட்டுகிறதே என்று கூட்டமாகச் சேர்ந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மண்ணைத் திருப்பிக் கொண்டுபோனார். எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டுப் போனார். அப்பா அதைப் பிழிந்து சர்பத் போடச் சொன்னார்.

போகிறபோது பெரியப்பா ஒரு கெடு வைத்தார். ஆடி மாதத்து அம்மன் திருவிழாவான ஆடித் தபசு வரைக்கும் பார்ப்பது. அதற்குள் சரிப்பட்டு வரவில்லை என்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. பொம்பளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, ஆண் துணை வேண்டும். அப்பா பள்ளிக்கூடமும் அம்மா பள்ளிக்கூடமும் ஒரே நேரத்தில் தொடங்குகிறவை. ஆகவே ஊரில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த என்னைப் பெயர் வெட்டி, அம்மாவின் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். வழியில் ஆபத்து வந்தால் எதிர்கொள்ள வேண்டிய ஆண் நான்தான். அப்போது எனக்குத் தெருநாய் என்றால் பயம்.

அம்மா மே மாதம் முழுக்க டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டாள். ஜூனில் முதல் நாள் புறப்பட்டபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. யாரோ இறந்துபோனால்தான் எங்கள் தெரு அவ்வளவு ஒற்றுமையாக நிற்கும். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா வெறுங்காலோடு மிதித்தாள். அப்பா பின்பக்கமாகச் சுற்றிவந்து டயரில் காற்று, விளக்கு, பெட்ரோல் மூடி எல்லாம் சரிபார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படிச் சுற்றிவருவது வழக்கமாயிற்று. கடமையில் கண்ணான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பூ மார்க்கெட்டைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. பிச்சியும் மல்லிகையும் ஈரச் சாக்கில் கட்டி ரோட்டிலேயே இறக்கியிருப்பார்கள். அத்தனை வாசனைக்கு நடுவே, அத்தனை கெட்ட வார்த்தைகளை வேறெந்த ஊரிலும் கேட்க முடியாது. அம்மா ஒன்றையும் காதில் வாங்காமல், காரைப் பார்த்து மட்டும் பேசிக்கொண்டே போவாள். “நில்லுட்டி. இப்ப போட்டி. ஏட்டி, அந்த மாடு போவட்டும்.” விசைத்தறிச் சத்தம் தேய்ந்து ஊர் முடிந்ததும் வெட்டவெளி. ஆடிக் காற்று அங்கே காத்துக்கொண்டு நிற்கும். அந்த எடையில்லாத காரைக் காற்று தோளைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளும். அம்மா அதைத் திரும்ப இழுப்பாள். எதிரே வைக்கோல் லாரி வந்தால் வானமே சாய்ந்துகொண்டு வருவதுபோல இருக்கும். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் அணைத்துவிட்டுக் காத்திருப்போம். ஆடு மேய்க்கிறவர் கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, நெசமாவே பொம்பளதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவார்.

முதல் இரண்டு வாரம் ராஜாங்கம். ஒருநாள் தலைமையாசிரியருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். அவர் சைக்கிளில் வந்து இறங்கி, வாசலில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தடவினார். பிறகு காதில் வைத்துப் பார்த்தார்.

அதன் பிறகுதான் கார் நிற்க ஆரம்பித்தது. ஊரைவிட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நன்றாக ஓடும். பிறகு இருமும், விக்கும், கரிசல் காட்டின் நடுவே சோர்ந்து நின்றுவிடும். நாங்கள் இறங்கி உடைமர நிழலில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். வாரம் போகப் போக நிற்பது அதிகமாயிற்று. ‘வாங்க டீச்சர்’ திரும்பவும் வந்தது. ஆண் துணை என்ற முறையில் நான் இரண்டு தடவை பானட்டைத் திறந்து உள்ளே உற்றுப்பார்த்தேன். உள்ளே இருந்தவையும் என்னை அப்படியே பார்த்தன.

அப்பா மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த அண்ணாச்சி பானட்டைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

“டீச்சர் கிளட்ச்சுல காலை வச்சிக்கிட்டே ஓட்டுதாவ போலுக்கு சார். பொம்பளையாளு காலு அப்பிடித்தான்.”

அப்பா அதைச் சோதித்துப் பார்த்தார். காரை எடுத்துக்கொண்டு ரத வீதிகளை நாலு பக்கமும் சுற்றிவந்தார். நிற்கவே இல்லை. பெரியப்பா கடைவாசலில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் தலையசைத்தார். அப்பா ஓட்டினால் ஓடுகிறது, அம்மா ஓட்டினால் நிற்கிறது. அதற்கு மேல் ஊருக்கு என்ன நிரூபணம் வேண்டும். தபசுக்கு முந்தின வாரம் என்னிடமே, ஏல, ஒங்கம்மா பேப்பரு பேனா வாங்கிட்டாளா என்று கேட்டார் பெரியப்பா.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து தெருவில் காரை நிறுத்தியபிறகு அம்மா இறங்கவில்லை. கை இரண்டையும் ஸ்டீயரிங்கின்மேல் வைத்தபடியே இருந்தாள். நானும் இறங்காமல் இருந்தேன். சூடு ஆற ஆற எஞ்சினில் என்னவோ டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது.

“எங்காலு கிளட்ச்சுல இல்லலே மக்கா,” என்றாள். “எனக்குத் தெரியும். ஆனா இத யாருகிட்ட எப்பிடிச் சொல்ல?”

 கைப்பிடியை என் பக்கத்துக் கதவில் செருகிக் கண்ணாடியை ஏற்றினேன். தெருவில் யாரும் பார்க்க வேண்டாம் என்று.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. படிப்பகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவை அம்மா வாசலில் மறித்தாள். சோதனை என்றால் முழுதாகச் செய்ய வேண்டும், பள்ளிக்கூடம் வரைக்கும் நீங்களே ஓட்டுங்கள் என்றாள். அறிவியல் வாத்தியாரால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில் உட்கார, ஆண் துணை பின்னால். மேட்டில் குனிந்தோம். இறக்கத்தில் மௌனம் காத்தோம். வழக்கமான இடம் வந்தது. கார் இருமியது, விக்கியது, நின்றது.

வெளியே காற்று ஊதியது. அப்பா சாவியைத் திருப்பினார். திரும்பவும் திருப்பினார்.

“இப்ப யாரு காலு?” என்றாள் அம்மா.

அப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டார். அம்மா இறங்கிப்போய் பானட்டைத் தூக்கினாள். பெட்ரோல் குழாயின் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி உண்டு, உள்ளே இருப்பது தெரியும்படி. கார் வாங்கியபோது கண்ணாடிபோல இருந்தது. இப்போது செந்நிறமாக அடைந்துகிடந்தது.

துருவாக இருக்கும் என்றார் அப்பா. அம்மா சேலைத் தலைப்பால் குழாயைக் கழற்றி வடிகட்டியை உள்ளங்கையில் தட்டினாள். குழைந்த சேறு விழுந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். துரு இல்லை, மண். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுத்துக்கிடந்த காட்டைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

“கரிசக்காட்டுல ஓடுத வண்டிக்குள்ள செவத்த மண்ணு எப்பிடி வரும்? பங்க்காரன்தான் பெட்ரோல்ல எதையோ கலக்கான். ஏறுங்க, இப்பமே போயி கேட்டுட்டு வருவோம்.”

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில்லறை தராத கண்டக்டரோடு தென்காசி வரைக்கும் வாதாடிக்கொண்டே போனவர் அவர். டீயில் தண்ணீர் அதிகம் என்று டீக்கடையில் வகுப்பெடுத்தவர். அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“விடு. அவனும் பிள்ளகுட்டிக்காரன், பாவம்.”

அம்மா அவரையே பார்த்தாள். காற்றில் சேலை படபடவென்று அடித்தது. அவளும் வாத்தியார்தானே, பையன் வயிற்றுவலி என்று சொல்லும்போது எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பழகியவள்.

“என்ன போட்டீய?” என்று கேட்டாள்.

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“கொஞ்சந்தான். ஒரு சிட்டிகை.”

“என்ன மண்ணு?”

“புத்து மண்ணு.”

நீ முதல் நாள் தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது மனசு கேட்கவில்லை என்றார். விடியுமுன் கோயிலுக்குப் போய் வாங்கிவந்தாராம். பானட்டில் பூசினால் படிப்பகத்துக்காரர்கள் பார்ப்பார்கள். அண்ணன் பார்த்தால் அதைவிடக் கேவலம். யார் கண்ணிலும் படாத இடமாக யோசித்ததில் பெட்ரோல் டேங்க்தான் கிடைத்தது. முதல் வாரம் நன்றாக ஓடியதும் நம்பிக்கை வந்து அடுத்த திங்கட்கிழமையும் போட்டிருக்கிறார். பிறகு வண்டி நிற்க ஆரம்பித்ததும் பயம் வந்து இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கிறார். நிற்க நிற்கப் போட்டார், போடப் போட நின்றது. மனுஷன் வாரந்தவறாமல் எங்களைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு கண்ணில் நீர் வர. அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஒருவர், பாவம் என்ன கஷ்டமோ என்று இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்ததும் அம்மா முகம் மாறியது. டேங்கைக் கழுவிவிடலாம், வண்டி ஓடிவிடும். ஆனால் பெரியப்பாவிடம் என்ன சொல்வது? காரணம் சொல்லாமல் கோளாறு தீர்ந்தது என்றால், பொம்பளைக் கால் இப்போதுதான் திருந்தியது என்பார்கள். அடுத்த தடவை எதற்காக நின்றாலும் அதே கால்தான். காரணம் சொன்னால் அப்பா தலை போகும். அண்ணனிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று அம்மா அவரைக் கேட்கவில்லை. 

ஆடித் தபசன்று பெரியப்பா வீட்டில் உறவு முழுக்கக் கூடியிருந்தது. சிவகிரி, ராஜபாளையம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து, தபசுக் காட்சிக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கோயிலைப் பலமுறை வலம்வருகிற ஆடிச்சுற்றை முடித்த காலோடு நாற்காலியில் சாய்ந்து, என்னலே முடிவு பண்ணுனிய, என்று ஆரம்பித்தார்.  அம்மா கையில் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டாள்.

அப்பா இலையிலிருந்து எழுந்திருக்காமல், நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“அவ ஓட்டுததுல ஒரு கோளாறும் இல்லண்ணே. டேங்க்ல மண்ணு கெடந்துச்சு. புத்து மண்ணு.”

“எவன் போட்டான்?”

“நாந்தான்.”

பிறகு முழுக்கதையையும், திங்கட்கிழமை உட்பட, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னார். என் சித்தப்பா மகன் சிரித்துப் புரையேறி வெளியே ஓடினான். பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஏறிய சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவர் மகள் கல்யாணத்தில்கூட இல்லை. எழுந்துவந்து அப்பாவின் தோளைத் தொட்டு, ஏலே, என் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊத்துங்க, என்றார். வந்தவர்களிடமெல்லாம், நம்ம தம்பி கோயிலுக்குப் போயிருக்கான்லா, விடியக்காலம், என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ராஜினாமாவை அவர் மறந்தே போனார். பிறகு நினைவுபடுத்த யாருக்கும் துணிச்சலோ ஆசையோ இல்லை. ஒரு நாத்திகன் திரும்பிவந்த குஷியில் ஒரு டீச்சர் வேலை தப்பியது.

அப்பாவுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. படிப்பகத்தில் அதன் பிறகு அவரைப் பேசக் கூப்பிடவில்லை. புத்தகம் எடுக்க மட்டும் போய்வந்தார். மாணவர்கள் பின்னால் ‘புத்துமண் சார்’ என்றார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். மெக்கானிக் அண்ணாச்சி டேங்கைக் கழற்றிக் கழுவி மாட்டினார். கிளட்ச்சைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அம்மா அந்தக் கரிசல் ரோட்டில் பல வருஷம் ஓட்டினாள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் கம்பங்கதிரைப் பரப்பி வைத்துக்கொண்டு, டீச்சர், இன்னொருக்கா ஏத்தி இறக்கிட்டுப் போங்க என்று பெண்கள் உரிமையோடு கேட்பார்கள். அவளும் முன்னும் பின்னும் ஓட்டிக் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பேத்தி இப்போது அதே ரோட்டில் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகிறாள். நிறுத்தி வழிகேட்டால் நமக்குப் பதில் சொல்ல நேரமில்லாத வேகம்.

போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது நான் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கொஞ்சம் ஜோடித்துத்தான் சொன்னேன். ஊருக்கு முன்னால் கட்டிக்காத்த கொள்கையையெல்லாம், ஒருத்தியின் மேல் வைத்த அன்புக்காக விடியுமுன் போய் விட்டுக்கொடுத்தாரே, அதுவல்லவா தாம்பத்யம் என்று குரல் தழுதழுக்க முடித்தேன். என் மனைவிகூடக் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. காது கேட்கிற கருவியைக் கழற்றிவைத்துவிட்டு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“எனக்காகன்னா எனக்குல்லா பூசிவிட்டிருப்பாரு. காருக்குத்தான போட்டாரு.”